பெல்ட்டுக்கு வேலி கட்டியவள்

முப்பிடாதியம்மாளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. ரைஸ் மில்லில் எஞ்சின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதற்கே தொண்டையைத் திறக்க வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கோயிலில் அம்மன் முன்னால் நின்று, தனக்குள் சொல்லிக்கொள்வதாக நினைத்து அவள் வேண்டுவதெல்லாம் பிராகாரத்தைச் சுற்றுகிறவர்களுக்கும் கேட்கும். "உலகம்மா, களத்துல நெல்லு காயுது. இந்தச் சாரல ரெண்டு நாளு குத்தாலத்தோட நிப்பாட்டி வையி தாயே." கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். அவளும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், மேலகரத்துக்குச் சற்று முன்னால் இருந்தது குழல்வாய்மொழி ரைஸ் மில். அவள் கணவர் பலவேசம் ஆரம்பித்தது. 1950இல் விஷக்காய்ச்சலில் பத்தே நாளில் அவர் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. மில்லைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வீட்டில் இரு என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் அவள் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போய்க் கதவைத் திறந்தாள். அவித்த நெல் ஒன்றைப் பல்லால் கடித்துப் பதம் சொல்ல ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டாள். அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயதுதான். ஆனாலும் முதலாளி என்பதால் வேலைக்காரர்கள் எல்லாருக்கும் ஆச்சி ஆனாள்.

எஞ்சினைப் பற்றி மட்டும் அவளுக்கு ஒன்றும் தெரியாது. அது பரீதின் ராஜ்ஜியம். மில் தொடங்கிய நாளிலிருந்து பரீதுதான் எஞ்சின் டிரைவர். ஆயில் எஞ்சினின் பெரிய சக்கரத்திலிருந்து, நெல்லை அரிசியாக்கும் ஹல்லர் வரைக்கும் நீளமாக ஒரு தோல் பெல்ட் ஓடும். அது கழன்றால் மற்ற மில்களில் எஞ்சினை நிறுத்துவார்கள். பரீது நிறுத்தமாட்டார். ஓடுகிற சக்கரத்தின் மேலேயே கையால் தட்டி மாட்டிவிடுவார். அதைப் பார்ப்பதற்கென்றே நெல் கொண்டுவந்த விவசாயிகள் நிற்பார்கள். முப்பிடாதியம்மாளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

1953 பங்குனியில், பிசான அறுவடை முடிந்து மில்லில் நெல் மலையாகக் கிடந்த நேரம். ஹல்லர் பக்கமிருந்து தவிட்டு அறைக்குப் போக எஞ்சினைச் சுற்றித்தான் வழி. ஆனால் பெல்ட்டுக்கு அடியில் குனிந்து போனால் நாலே எட்டில் போய்விடலாம். எல்லாரும் குனிந்துதான் போவார்கள். முப்பிடாதியம்மாளும் போயிருக்கிறாள். அன்று மத்தியானம், மில்லில் புடைக்கிற வேலை செய்துவந்த தங்கபுஷ்பம் தலையில் தவிட்டுப் பெட்டியோடு குனிந்தாள். சேலை முந்தானை பறந்து பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் போய்விட்டது.

முப்பிடாதியம்மாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பெட்டி விழுவதைப் பார்த்தாள். தங்கபுஷ்பத்தின் உடம்பு சுழல்வதைப் பார்த்தாள். பரீது எஞ்சினை நிறுத்தினார். ஆனால் நிறுத்தின உடனே நிற்கிற சக்கரமா அது? அவர் பாய்ந்து ஒரு கம்பை எடுத்து பெல்ட்டைத் தள்ளிக் கழற்றினார். சேலை கிழிந்ததால் உயிர் பிழைத்தது. வலது கை இரண்டு இடத்தில் முறிந்து, தோள்மூட்டு இறங்கியிருந்தது. வாடகைக் காரில் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போது, வழி நெடுக அந்தத் தலையை மடியில் வைத்திருந்தாள் முப்பிடாதியம்மாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்குக் குரல் வரவில்லை.

மூன்றாம் நாள் அய்யாக்குட்டி விசாரிக்க வந்தார். செங்கோட்டையில் மில் வைத்திருப்பவர், பலவேசத்தின் கூட்டாளி. நல்ல மனிதர்தான். எந்தச் சிக்கலுக்கும் ஒரு குறுக்கு வழி கையில் வைத்திருப்பார்.

"பாக்டரி இன்ஸ்பெக்டருக்கு எழுதணும்லா மதினி? என்னன்னு எழுதப் போறிய?"

"நடந்தத எழுத வேண்டியதுதான்."

"நல்லா இருக்கு. கோர்ட்டுல போயி நிக்கணும். களத்துல வழுக்கி விழுந்தான்னு எழுதுங்க. நெல்லு கொட்டுத எடம், யாருன்னாலும் வழுக்கத்தான் செய்யும். சாரமில்ல, எல்லாரும் செய்யுததுதான்."

அவள் ஒரு நாள் முழுக்க யோசித்தாள். மில்லை மூடிவிடுவார்களோ என்ற பயம் கடைசியில் ஜெயித்தது. கணக்கப்பிள்ளை எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

சித்திரையில் இன்ஸ்பெக்டர் வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். கையில் தோல் பை, காலில் புழுதி. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே வந்திருந்தார். களத்தைப் பார்த்தார். வெயிலில் அது கருவாடு மாதிரி காய்ந்து கிடந்தது.

"இதுலயா வழுக்கினாங்க?" என்றார்.

முப்பிடாதியம்மாள் தலையை மட்டும் அசைத்தாள். அடிபட்டவரைப் பார்க்க வேண்டும் என்றார் அவர். தங்கபுஷ்பம் அதற்குள் மேலகரத்தில் தன் வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். இருவரும் நடந்தே போனார்கள்.

மாவுக்கட்டுப் போட்ட கையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் தங்கபுஷ்பம். என்ன நடந்தது என்று இன்ஸ்பெக்டர் கேட்டதும் மளமளவென்று சொல்ல ஆரம்பித்தாள்.

"களத்துல நெல்ல கிண்டிக்கிட்டு இருந்தேன் சார். ஒரு கோழி வந்துது. வெள்ளக் கோழி. நெல்ல கொத்துதேன்னு வெரட்டுனேன். அது காலுக்குள்ள பூந்துட்டுது. நான் அந்தாக்குல வழுக்கிப் போயி விழுந்தேன்."

"யாரு கோழி அது?"

"அடுத்த வீட்டுக் கோழி சார். அவிய இப்ப அத வித்துட்டாவ."

அப்படிச் சொல்லும்படி முப்பிடாதியம்மாள் அவளிடம் கேட்கவில்லை. பரீது ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது காகித விஷயத்தை வாய்தவறிச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். மில்லுக்கு ஆபத்து வரக்கூடாது என்று இந்தப் பெண் படுத்த படுக்கையில் ஒரு கோழியைக் கண்டுபிடித்து, அதற்கு நிறம் கொடுத்து, விற்றும் முடித்திருக்கிறாள். வாசலில் நின்ற முப்பிடாதியம்மாளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒன்றரை மாதமாகக் காணாமல் போயிருந்த பழைய குரல் அப்போது வந்தது. தெரு முழுக்கக் கேட்டது.

"கோழியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல சார். பெல்ட்டுதான். பெல்ட்டுக்கு அடியில குனிஞ்சு போனா. நாங்க எல்லாரும் அப்படித்தான் போவோம். நான் பொய்யில கையெழுத்துப் போட்டுட்டேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். தங்கபுஷ்பத்துக்கு வந்ததே கோபம். "ஏன் ஆச்சி இப்பிடிச் செஞ்சிய? நான் எம்புட்டுப் பாடுபட்டு அந்தக் கோழியக் கொண்டாந்தேன்!" என்றாள். இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கேஸ் எழுதாம விட முடியாதும்மா," என்றார்.

"எழுதுங்க. ஆனா என்ன செய்யணும்னும் சொல்லிட்டுப் போங்க. இம்புட்டு நாளும் ஒருத்தரும் எங்களுக்குச் சொன்னதில்ல. இங்கிலீசுல ஒரு தாளு வரும். அத ஆணியில குத்தி வச்சிருவோம். எங்க வீட்டு அவிய காலத்துலேர்ந்து அது அங்கன தொங்குது."

என்ன செய்ய வேண்டும் என்று இதற்கு முன் யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. அன்று மாலை பஸ்ஸை அவர் விட்டுவிட்டார். மில்லுக்குத் திரும்பிவந்து, ஒரு சுண்ணாம்புக் கட்டியை வாங்கி, எஞ்சினையும் பெல்ட்டையும் ஹல்லரையும் சுற்றித் தரையில் கோடு போட்டார். பெண்களை எல்லாம் கூப்பிட்டார்.

"இந்தக் கோட்டுக்கு உள்ள ரெண்டுல ஒண்ணுதான் இருக்கலாம். ஓடுற மெஷின் இருக்கலாம். இல்ல, மனுஷர் இருக்கலாம். ரெண்டும் ஒண்ணா இருக்கக் கூடாது. இதுதான் சட்டம். மிச்சம் நூறு பக்கமும் இதுக்கு விளக்கம்," என்றார்.

முப்பிடாதியம்மாளுக்கு அது சட்டென்று புரிந்தது. கோர்ட்டில் அவள் நின்றாள், அபராதம் கட்டினாள். குடும்பத்து மானம் போய்விட்டதாகக் கொழுந்தன்மார் இரண்டு வருஷம் அவளோடு பேசவில்லை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு அப்போது வேறு சண்டை இருந்தது.

சண்டை பரீதோடு. கோடு போட்ட இடத்தில் வேலி கட்ட வேண்டும் என்று அவள் சொன்னாள். முதலில் மூங்கில் தட்டி, பிறகு இரும்புச் சட்டமும் கம்பி வலையும். பெல்ட் கழன்றால் எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் வேலியைத் திறக்க வேண்டும். பரீது மூங்கிலைக் கட்டித் தந்தார். ஆனால் முகம் சரியில்லை.

"இருவது வருசமா ஓடுத பெல்ட்ட கையால மாட்டுதவன் நான். என்னையும் வேலிக்கு வெளிய நிக்கச் சொல்லுதியளே ஆச்சி."

"ஒங்களையும்தான் அண்ணாச்சி."

மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மில் சும்மா கிடந்தது. மூன்றாம் நாள் முப்பிடாதியம்மாள் அவர் வீட்டுக்கே போனாள். அவர் மனைவி ஜாஹிரா பீவி தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பரீது எழுந்து நின்றார். அவருடைய இடது சுண்டுவிரலில் நுனி இல்லாதது முப்பிடாதியம்மாளின் கண்ணில் பட்டது. சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கியது என்று சொல்லியிருந்தார்.

"அண்ணாச்சி, அது கதவுதானா?" என்றாள்.

பரீது விரலை மடக்கிக்கொண்டார். உள்ளேயிருந்து ஜாஹிரா பீவியின் குரல்தான் வந்தது. "கதவாவது? பெல்ட்டுதான். வேலைக்குச் சேந்து மூணாவது வருசம். ரெத்தத்தோட வந்து நின்னாவ. வெளிய சொல்லப்புடாதுன்னு தன் தலையில என் கைய வச்சு சத்தியம் வாங்குனாவ."

"சும்மா கெட," என்றார் பரீது. ஆனால் சிரித்துவிட்டார். மறுநாள் வேலைக்கு வந்தார். வந்தவர் மூங்கிலைப் பிரித்துப்போட்டார். "வேலின்னா ஒழுங்கா இருக்கணும், இது ஆட்டுப்பட்டி மாதிரில்லா இருக்கு," என்று சொல்லி இரும்புச் சட்டத்துக்கு அளவெடுத்தார். அவர் செய்த வேலியில் ஒரு சூட்சுமம் இருந்தது. அதன் கதவைத் திறக்கிற கொக்கி எஞ்சினுக்கு எண்ணெய் போகிற குழாயின் திருகோடு இணைந்திருந்தது. எண்ணெயை அடைத்தால்தான் கொக்கி விடும். அப்போதும் சக்கரம் முழுக்க நிற்கும்வரை பொறுத்துத்தான் உள்ளே போக வேண்டும். ஆத்திரப்பட்டுத் திறக்க நினைத்தாலும் திறக்க முடியாது. "என்னய நானே நம்பல ஆச்சி. அதான் இப்பிடிச் செஞ்சேன்," என்றார்.

சேலை விஷயத்தை முப்பிடாதியம்மாள் கவனித்துக்கொண்டாள். கெட்டித் துணியில், கழுத்திலிருந்து முழங்கால்வரை இறங்கி இடுப்பில் இறுகக் கட்டுகிற மாதிரி ஒரு மேலங்கி தைக்கச் சொன்னாள். கொண்டைக்கு ஒரு துணி, மூக்கில் தூசி ஏறாமல் இருக்க ஒரு துணி. பெண்கள் சிரித்தார்கள். "சாக்கு மூட்ட மாதிரி இருக்கும் ஆச்சி, மாட்டோம்," என்றார்கள். முதல் அங்கியை அவளே மாட்டிக்கொண்டாள். அவள் நல்ல பருமன். அதை மாட்டிக்கொண்டு மில்லுக்குள் அவள் நடந்து வந்தபோது, பத்து நிமிஷம் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். அந்த வாரக் கடைசியில் எல்லாருடைய உடம்பிலும் அங்கி இருந்தது.

தங்கபுஷ்பம் எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. பெட்டி தூக்க முடியாது, புடைக்க முடியாது. முப்பிடாதியம்மாள் அவளைக் கோட்டுக்குக் காவல் வைத்தாள். யார் உள்ளே போகலாம், எப்போது போகலாம் என்பதெல்லாம் அவள் பொறுப்பு. தவிட்டு அறைக்குப் புதிதாக ஒரு வாசல் திறந்தார்கள். அதனால் குனிந்து போக வேண்டிய தேவையே போய்விட்டது. ஒரு சுவரை உடைக்க ஒரே நாள்தான் ஆயிற்று. அந்த வாசலைப் பார்க்கும்போதெல்லாம் முப்பிடாதியம்மாளுக்கு மனம் அடித்துக்கொள்ளும். அந்த ஒரு நாள் வேலையை முன்னமே செய்திருந்தால்?

அடுத்த தடவை வந்த இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "மத்த மில்காரங்க இதை வந்து பார்த்தா நல்லா இருக்கும்," என்றார். அவள் சொல்லியனுப்பினாள். ஒருவரும் வரவில்லை. கோர்ட்டில் நின்ற பொம்பளையிடம் போய் என்ன கற்றுக்கொள்வது? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால்தான் சட்டம் என்பதால், பல மில்களில் எத்தனை பேர் இருந்தாலும் காகிதத்தில் ஒன்பது பேர்தான்.

யோசனை சொன்னது தங்கபுஷ்பம். "மில்லுக்குக் கூப்பிட்டா வரமாட்டாவ ஆச்சி. குத்தாலத்துக்குக் கூப்பிடுங்க. சோறும் போடுதம்னு சொல்லுங்க."

1955 ஆடியில் சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. ஐந்தருவி போகிற வழியில் ஒரு பங்களாவை ஒரு நாளைக்கு எடுத்தார்கள். சுற்றுவட்டார மில்காரர்கள் இருபது பேருக்கு அழைப்பு போனது. எண்ணெய் தேய்த்துக்கொள்ளலாம், அருவியில் குளிக்கலாம், மத்தியானம் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் அவியலும். பேச்சு ஒரு மணி நேரம்தான். பதினோரு பேர் வந்தார்கள். அய்யாக்குட்டியும் வந்தார். இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. அவள்தான் வேண்டாம் என்றாள். "நீங்க வந்தா அவிய வாயத் தொறக்க மாட்டாவ சார்."

ஈரத் தலையும் தோளில் துண்டுமாக, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மில்காரர்கள் பாயில் உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். பரீது இரண்டு சக்கரமும் ஒரு துண்டு பெல்ட்டும் வைத்து, கையால் சுற்றுகிற ஒரு எந்திரம் செய்து கொண்டுவந்திருந்தார். பக்கத்தில் பழைய சேலை கட்டிய ஒரு வைக்கோல் பொம்மை. அவர் சக்கரத்தைச் சுற்ற, முப்பிடாதியம்மாள் பொம்மையின் முந்தானையைப் பெல்ட்டுக்கு அருகில் கொண்டுபோனாள். கண்ணிமைக்கிற நேரத்தில் பொம்மை பறந்து போய்ச் சக்கரத்தில் மோதி, வைக்கோல் கூடமெல்லாம் சிதறியது. மில்காரர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். தூங்கின இருவரும் விழித்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி சுத்துங்க பாய்," என்றார்கள்.

முப்பிடாதியம்மாளுக்கு முகம் வாடிப்போனது. இதற்காகவா இவ்வளவு பாடு? அப்போது மூலையில் எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்த தங்கபுஷ்பம் இலைகளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"அந்தப் பொம்ம நாந்தான் முதலாளிமாரே," என்றாள். சிரிப்பு நின்றது. "இந்தக் கைய இதுக்கு மேல தூக்க வராது. தல சீவ வராது, ரவிக்க மாட்ட வராது. எம் மவ எனக்குத் தல சீவி விடுதா. அவளுக்கு எட்டு வயசு. நான் இன்ஸ்பெக்டர்ட்ட என்ன சொன்னேன் தெரியுமா? களத்துல வழுக்கி விழுந்துட்டேன்னு சொன்னேன்."

பதினோரு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"நான் ஒண்ணு கேக்கேன், கோவிச்சிக்கிடாதிய. ஒங்க ஒங்க மில்லுல எத்தன பேரு களத்துல வழுக்கி விழுந்திருக்காவ?"

சுவரில் சாய்ந்திருந்த இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிறகு சுந்தரபாண்டியபுரத்து மில்காரர் சேக் தாவூது, தலையைக் குனிந்துகொண்டே, "எங்க மில்லுல மூணு பேரு," என்றார். "ஒருத்தன் எம் மச்சினன்தான். நாலு விரலு." அவருக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர் தொண்டையைச் செருமினார். "எங்க மில்லுல ஒரு பிள்ள..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு பேச்சு ஒரு மணி நேரத்தோடு நிற்கவில்லை. கம்பி வலை எங்கே கிடைக்கும், வேலி போட்டால் எஞ்சின் சூடாகாதா, கொக்கியை எப்படி இணைத்தீர்கள் என்று பரீதை ஆளாளுக்கு இழுத்தார்கள். அவர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடுவில் உட்கார்ந்து பதில் சொன்னார். சுண்டுவிரலை நீட்டிக் காட்டி, "இது கதவு இல்ல, பெல்ட்டு," என்று கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

அய்யாக்குட்டி மட்டும் ஓரமாக உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கிளம்பும்போது முப்பிடாதியம்மாளிடம் வந்தார். "நல்ல சாப்பாடு மதினி. ஆனா வெறுதே பாடுபடுதிய. எம் மில்லு திருவாங்கூர் சீமையில இருக்கு. ஒங்க மெட்ராஸ் இன்ஸ்பெக்டர் எல்லைக் கல்லத் தாண்டி வரமாட்டாரு. எங்க இன்ஸ்பெக்டர் திருவனந்தபுரத்துலேர்ந்து வாரதுக்குள்ள ரெண்டு போகம் அறுத்துரும்."

"பெல்ட்டுக்கு எல்லைக் கல்லு தெரியுமா அண்ணாச்சி?" என்றாள் அவள்.

வந்த பதினோரு பேரில் வேலி போட்டவர்கள் அந்த வருஷம் நாலே பேர். மற்றவர்கள் அடுத்த அறுவடைக்கு என்றார்கள், அதற்கடுத்த அறுவடைக்கு என்றார்கள். முப்பிடாதியம்மாள் விடவில்லை. மாதத்தில் ஒரு நாள் மில்லுக்கு விடுமுறை விட்டுவிட்டு, பரீதையும் தங்கபுஷ்பத்தையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். பண்பொழிக்குப் போனார்கள், ராயகிரிவரைக்கும் போனார்கள். பரீது முதலாளியிடம் எந்திரத்தைப் பற்றிப் பேசுவார். தங்கபுஷ்பம் வேலைக்காரப் பெண்களோடு உட்கார்ந்துகொள்வாள். முப்பிடாதியம்மாள் முதலாளி வீட்டுப் பெண்களிடம் போய்விடுவாள். "ஒங்க வீட்டு அவியளுக்கு நீங்க சொன்னாத்தான் ஏறும்," என்பாள். பல மில்களில் வேலி வந்தது அடுக்களை வழியாகத்தான். சில இடங்களில் 'வேலி ஆச்சி வருதா' என்று கதவைச் சாத்தினார்கள். அவள் வாசலில் நின்றுகொண்டே பேசுவாள். அந்தக் குரலுக்குக் கதவு ஒரு தடையா?

1956 நவம்பரில் செங்கோட்டை மெட்ராஸ் ராஜ்ஜியத்தோடு சேர்ந்தது. ஊரெல்லாம் கொடி கட்டினார்கள். ஒரு வாரம் கழித்து அய்யாக்குட்டி வேட்டி கசங்க, வியர்க்க விறுவிறுக்க மில் வாசலில் வந்து நின்றார். அவரைக் கண்டதும் தங்கபுஷ்பம் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"மதினி, ஒங்க இன்ஸ்பெக்டர் அடுத்த மாசம் வாராராம். பரீத ரெண்டு நாளு அனுப்பி வையுங்க. ஒங்களுக்குச் சிரிப்பா இருக்கும்."

"எனக்கு என்ன சிரிப்பு? பயந்து வந்தாலும் வந்துட்டியள்லா, அது போதும். மொதல்ல உள்ள வந்து மோரு குடிங்க." பரீதை இரண்டு நாளுக்குப் பதில் நாலு நாள் அனுப்பிவைத்தாள். அவர் முடித்துவிட்டுத் திரும்பும்போது அய்யாக்குட்டி அவர் கையில் ஒரு பலாப்பழத்தைக் கொடுத்துவிட்டிருந்தார். அதில் பாதி ஆச்சிக்கு என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

வருஷங்கள் ஓடின. ஆயில் எஞ்சின் போய் மின்சார மோட்டார் வந்தது. பரீது எழுபதை நெருங்கி வீட்டோடு இருந்தார். வேலியைக் கழற்றி அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டு, இன்ஸ்பெக்டர் வரும் அன்றைக்கு மட்டும் மாட்டுகிறவர்களும் இருந்தார்கள். அப்படி ஒரு மில்லில் முப்பிடாதியம்மாள் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, வேலியை மாட்டுகிறவரை எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். மத்தியானச் சாப்பாட்டை அவளுக்கு அங்கேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டு வேலியை மாட்டினார்கள்.

1966 தையில் பண்பொழியில் ஒரு புது ரைஸ் மில் திறந்தார்கள். முதலாளியின் பெயர் கடற்கரை, இளவயதுக்காரர். குத்துவிளக்கு ஏற்றி ஸ்விட்சைப் போட்டுக்கொடுக்க முப்பிடாதியம்மாளைத்தான் அழைத்தார். வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் மோட்டார் ஓட வேண்டும். வாழைமரமும் மேளமுமாக ஊரே கூடியிருந்தது. அவள் பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு விளக்கை ஏற்றினாள். ஸ்விட்சுக்குப் போகும் முன் வழக்கம்போல எந்திரத்தை ஒரு சுற்று சுற்றி வந்தாள். தங்கபுஷ்பம் பின்னாலேயே வந்தாள். மோட்டாருக்குப் பின்பக்கம், சுவரோரமாக வேலிச் சட்டம் ஒன்று போல்ட் மாட்டாமல் சாய்ந்து நின்றது.

"இது ஏன் மாட்டல?"

"மத்தியானம் மாட்டிருவோம் ஆச்சி. போல்ட்டு ரெண்டு கொறையுது. நேரம் போவுது, ஸ்விட்சப் போடுங்க," என்றார் கடற்கரை.

"போல்ட்டு வரட்டும். பொறவு போடுதேன்."

கடற்கரையின் தாயார் வடிவம்மாள் பதறிப்போனாள். "நல்ல நேரம் போவுதே ஆச்சி! ஒரு நிமிசம் ஓட்டிட்டு நிப்பாட்டிருவோம். பேருக்குத்தான்."

முப்பிடாதியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த ஒரு நிமிசத்துலதான் இந்தா இவ கை போச்சு," என்றாள்.

தங்கபுஷ்பம் வேலியின் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டாள். செங்கோட்டைக்கு ஒரு ஆள் சைக்கிளில் பறந்தான். மேளக்காரர்கள் தெரிந்ததையெல்லாம் வாசித்துத் தீர்த்துவிட்டு வெற்றிலை போட ஆரம்பித்தார்கள். பத்தரை ஆனது. பதினொன்று ஆனது. வடிவம்மாள் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு பாயாசத்தை இலையில் ஊற்றச் சொன்னாள். கடற்கரை வாசலுக்கும் மோட்டாருக்கும் நடந்தார். பதினொன்றே காலுக்கு போல்ட் வந்தது. முடுக்கி முடித்ததும் தங்கபுஷ்பம் சட்டத்தை இடதுகையால் இரண்டு முறை ஆட்டிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். முப்பிடாதியம்மாள் நடு ராகுகாலத்தில் ஸ்விட்சைப் போட்டாள்.

முதல் அரிசி வந்து விழுந்தது. ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, அத்தனை மோட்டார் சத்தத்தையும் மீறி, "பதம் நல்லா இருக்கு!" என்றாள். வடிவம்மாளுக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. ராகுகாலத்தில் தொடங்கின மில் என்று பண்பொழியில் பல வருஷம் அதைச் சொன்னார்கள். நெல் மட்டும் குறையாமல் வந்துகொண்டிருந்தது.